மீட்டர்காரரின் வால்

அந்த வார்த்தை தன் வாயிலிருந்துதான் வந்தது என்று நம்ப அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

லீவு நாள் காலை. அவளுடைய வீட்டுக்காரர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை அவருக்கு. கொஞ்ச காலமாக லீவு நாளிலும் ஏதோ ஒரு பழைய கட்டடத்துக்குப் போய்வருகிறார். எந்தக் கட்டடம் என்று கேட்டால் "அதான், அந்தப் பழசு" என்பார். அதற்கு மேல் அவரும் சொல்ல மாட்டார், அவளும் கேட்க மாட்டாள். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"பாப்பாவையும் கூட்டிட்டுப் போங்களேன். வீட்ல சும்மாதானே இருக்கா."

அவள் அம்மாவின் வார்த்தை அது. ஒரு எழுத்து மாறவில்லை. 'சும்மாதானே' என்கிற இடத்தில் குரலைத் தாழ்த்தி ஒரு இழுப்பு இழுப்பது கூட அம்மாவுடையதுதான். அம்மா போய்ச் சேர்ந்து வருஷமாகிறது. துணி, கட்டில், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் கொடுத்தாகிவிட்டது. குரலை மட்டும் யாருக்கும் கொடுக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது.

"லிஃப்டு வேலை பாக்கற இடத்துக்குக் குழந்தை எதுக்கு?" என்றார் அவர்.

"கீழ ஓரமா உக்காந்திருப்பா. அவளுக்கும் பொழுது போகும்."

மகள் அதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டுவிட்டாள். நாலாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. வெளியே போகலாம் என்றால் பல் தேய்க்காமல் கூடக் கிளம்புவாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்கள்.

ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். கையில் சோப்பு நுரை இருந்தது என்பதெல்லாம் ஒரு சாக்கு. அவள் கூப்பிடவில்லை. சாயங்காலம் மகள் திரும்பி வருவாள். வந்ததும் அவளிடம், அப்பா எங்கே போனார், யாரைப் பார்த்தார் என்று தான் கேட்டுவிடுவோமா, மாட்டோமா? அன்றைய பகல் முழுக்க அவளுக்கு இருந்தது இந்த ஒரு கவலைதான். மற்ற வேலையெல்லாம் கை தன் பாட்டுக்குச் செய்தது.

அவளுக்குச் சின்ன வயதில் வைத்த பட்டப்பெயர் வால். தெரியாதவர்கள் துடுக்கான பிள்ளை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தத் தெருவிலேயே அவளைப்போல வாய் திறக்காத பிள்ளை கிடையாது. அப்பா எங்கே போனாலும் பின்னாலேயே போனதால் வந்த பெயர் அது. அப்பா சலூனுக்குப் போனால் அவளும் போவாள். "வாலுக்கும் சேர்த்து வெட்டணுமா மீட்டர்காரரே?" என்று முடி வெட்டுகிறவர் கேட்பார். அப்பா கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கண்ணாடியில் அவரும் தெரிவார், பின்னால் பெஞ்சில் கால் ஆட்டிக்கொண்டிருக்கும் அவளும் தெரிவாள்.

அப்பாவுக்கு மின்சார மீட்டர் பார்க்கிற வேலை. வீடு வீடாகப் போய் மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். அவருக்கென்று சில தெருக்கள் உண்டு. அந்தத் தெருக்களில் எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு மாமியார் மருமகளைத் திட்டிக்கொண்டே கதவு திறப்பாள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்படி ஒரு தெருவில், மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு சின்ன வீட்டில், ஒரு தையல்காரம்மா இருந்தாள். தனி ஆள். மோட்டார் வைத்த மெஷினில் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொடுப்பாள்.

விஷயம் வெளியே வந்தது ஒரு சட்டைப் பையால். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. நாளெல்லாம் துணியைத் தொட்டுத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டே எது யாருடைய துணி என்று சொல்லுகிற கை அவளுக்கு. அப்பாவின் சட்டைப் பை பேனா குத்திக் குத்தி ஓரம் கிழிந்திருந்தது. தைக்க வேண்டும் தைக்க வேண்டும் என்று அம்மா நினைத்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் துவைக்க எடுத்தபோது அது தைத்திருந்தது. கிழிசல் இருந்ததே தெரியாத தையல்.

"இது யாரு தச்சது?"

அப்பா ஏதாவது சொல்லியிருக்கலாம். கடையில் கொடுத்தேன் என்று சொன்னால் முடிந்துபோயிருக்கும். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், பாவம். "ஒரு வீட்ல..." என்று ஆரம்பித்தார். அப்புறம் நிறுத்திவிட்டார். அந்த நிறுத்தலில்தான் எல்லாம் இருந்தது.

சண்டை நடந்தது. ஆனால் ஊர் கூடிப் பார்க்கிற சண்டை இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு போட்ட சண்டை. கடைசியில் அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள்.

"அந்த வீட்டு வாசப்படிய மிதிச்சீங்கன்னா நான் பிள்ளைங்கள கூட்டிட்டுப் போயிடுவேன்."

"மீட்டர் உள்ள இருக்கே. அந்தத் தெரு என்னோடது."

"தெரு உங்களோடதுதான். வீடு உங்களோடது இல்ல."

வேறு தெரு மாற்றிக்கொடுங்கள் என்று ஆபீசில் கேட்டால், ஏன் என்று கேட்பார்கள். ஏனென்று சொல்ல முடியாது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். அண்ணன் ஒரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பெரிய பையன், அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கடைசியில் அம்மாவின் பார்வை சின்னவள் மேல் வந்து நின்றது.

"இவ போய்ப் பாத்துட்டு வருவா. இவளக் கூட்டிட்டுப் போங்க. வீட்ல சும்மாதானே இருக்கா."

அந்தத் தெருவின் முறை வருகிற நாளெல்லாம் அவளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. காய்ச்சல் என்று எழுதிக் கொடுப்பாள் அம்மா. "உன் காய்ச்சல் காலண்டர் பாத்துத்தான் வருமா?" என்று டீச்சர் கேட்பார். வகுப்பே சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரித்துவிடுவாள். சிரித்துவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

முதல் தடவை அந்த வீட்டு வாசலில் அவளை விட்டுவிட்டு, அப்பா ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார். சுவரில் ஒட்டியிருந்த ஏதோ நோட்டீஸைப் படிக்கிற மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவள் உடனே உள்ளே போகவில்லை. அம்மா 'அவ, அவ' என்று சொன்னதை வைத்து, பல் நீண்ட, கண் சிவந்த ஏதோ ஒன்றை அவள் மனசுக்குள் வரைந்து வைத்திருந்தாள்.

கழுத்தில் அளவு நாடா தொங்க, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு பொம்பளை மெஷினுக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவைவிடக் கறுப்பு. அம்மாவைவிட வயது கூடக் கொஞ்சம் அதிகமிருக்கும். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஊசி குத்தி வைக்கிற சின்னப் பஞ்சுப் பொட்டலத்தில் குத்திவிட்டுத்தான் பேசினாள்.

"யாரும்மா?"

"மீட்டர் பாக்க வந்திருக்கேன்."

தையல்காரம்மா வாசலைத் தாண்டி வெளியே பார்த்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் தெரிந்த முதுகைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "எட்டாதே உனக்கு" என்று சொல்லி ஒரு முக்காலியைக் கொண்டுவந்து மீட்டருக்குக் கீழே போட்டாள். மெஷினை நிறுத்தியதால் மீட்டருக்குள் இருந்த சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வால் எண்ணைப் பார்த்துக்கொண்டாள். இறங்கும்போது அந்தப் பொம்பளை அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். விழுந்துவிடக் கூடாதே என்று பிடிக்கிற பிடி, வேறொன்றுமில்லை. ஆனால் வெகு காலத்துக்கு அந்த முழங்கை தன்னுடையதில்லை போல இருந்தது அவளுக்கு.

மறந்துவிடாமல் இருக்க எண்ணை முணுமுணுத்துக்கொண்டே ரோட்டைக் கடந்தாள். அப்பாவிடம் சொன்னாள். அப்பா குறித்துக்கொண்டார். போன தடவை எண்ணோடு வைத்துப் பார்த்தார். "ம்" என்றார். அந்த 'ம்' மற்ற வீடுகளுக்குச் சொல்கிற 'ம்' இல்லை.

சாயங்காலம் வீட்டில் போர்வை மடிக்கிற நேரம். ஆஸ்பத்திரியில் மடித்தது போதாதென்று வீட்டிலும் அம்மா எல்லாத் துணியையும் நுனிக்கு நுனி பிடித்து மடிப்பாள். அதற்கு எதிர்ப்பக்கம் ஒரு ஆள் வேண்டும். வால் இரண்டு நுனியைப் பிடித்துக்கொள்வாள். ஒவ்வொரு மடிப்புக்கும் இருவரும் கிட்டே வர வேண்டும். கிட்டே வரும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும்.

"நேரா போனாரா?"

"போனாரு."

"அந்த வீட்டுக்குள்ள?"

"நான்தான் போனேன்."

"அவரு எங்க நின்னாரு?"

"ரோட்டுக்கு அந்தப் பக்கம். சுவத்தப் பாத்துட்டு."

"அவ வெளிய வந்தாளா?"

"வரல."

"சிரிச்சாளா?"

"இல்லம்மா."

எல்லாமே உண்மை. அவள் ஒரு நாளும் அம்மாவிடம் பொய் சொன்னதில்லை. அப்பாவின் அந்த 'ம்' பற்றி அம்மா கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்டிருந்தாலும் அதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

போகப்போக எண் கூடுவது சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவே ஓடுகிற ஓட்டம் குறைந்தது. காதும் காதும் வைத்தாற்போல நடந்த சண்டைதான், ஆனாலும் சலவைக்கூடத்தில் யாரோ யாரிடமோ சொல்லி, தெருவுக்கு வந்துவிட்டது. அந்தத் தெருப் பொம்பளைகள் தையல்காரம்மாவிடம் துணி கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். வால் போகும்போதெல்லாம் உள்ளே துணிக்குவியல் சிறுத்துக்கொண்டிருந்தது. துணி கொடுக்க வருகிறவர்கள் உட்கார ஒரு நாற்காலி இருக்கும். அது மடக்கிச் சுவரில் சாய்ந்துவிட்டது.

"போன தடவைய விடக் கம்மியா ஓடியிருக்குப்பா" என்பாள் வால்.

அப்பா எண்ணையே பார்ப்பார். "மெஷின் ஓடல" என்பார்.

இன்னொரு தடவை, "ராத்திரி லைட்டுகூடப் போடறதில்ல போல."

அவளிடம் சொல்கிற மாதிரி இருக்காது. ஒரு முகத்தைப் பார்த்து இளைத்துப்போயிட்டியே என்று சொல்கிற மாதிரி இருக்கும். அந்த மனிதர் அந்த வீட்டுக்குள் போகவில்லை, அந்தப் பொம்பளையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அவள் எப்போது விளக்கை அணைக்கிறாள் என்பது வரை அவருக்குத் தெரியும். அதைக் கொண்டுவந்து கொடுத்தது வால்தான்.

ஒருநாள் போனபோது வீட்டுச் சொந்தக்காரர் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே ஒன்றுமில்லை. மெஷின் இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுப்பாக இருந்தது. "காலி பண்ணிட்டுப் போயாச்சு. எங்கன்னு யாரு கண்டா?" என்றார். முக்காலி இல்லாததால் அவரே அவளைத் தூக்கிக் காட்டினார்.

அவள் வந்து எண்ணைச் சொன்னாள்.

"போன தடவை சொன்னதே சொல்றியே. சரியாப் பாத்தியா?"

"பாத்தேன்பா. சக்கரம் சுத்தல."

அப்பா பேனாவை எடுத்தார். அது எழுதவில்லை. உதறினார். மறுபடி உதறினார். அப்புறம் எழுதினார். அடுத்த வீட்டு வாசலுக்குப் போய் வழக்கம்போல "மீட்டர்!" என்று குரல் கொடுத்தார். குரல் பாதியில் உடைந்தது. அந்த வீட்டம்மா, "என்ன மீட்டர்காரரே, தொண்டை கட்டிக்கிச்சா? மிளகு போட்டுக் குடிங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் போர்வையின் இரண்டாவது மடிப்பில் வால் சொன்னாள். "அவங்க இல்லம்மா. காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க."

அம்மாவின் கையிலிருந்து நுனி நழுவிக் கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. வாலுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கின மாதிரி இருந்தது. இனிமேல் காய்ச்சல் வராது, பள்ளிக்கூடம் போகலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் அம்மா, "கிளம்பு, அப்பா நிக்கறாரு பாரு" என்றாள்.

"அவங்கதான் போயிட்டாங்களேம்மா?"

"போனவ எங்க போனா? முன்னாடி ஒரே ஒரு வீடு. இப்ப எந்த வீடா வேணா இருக்கலாம். கூடப் போ."

அன்றிலிருந்து அந்தப் பொம்பளை இல்லாத இடமே இல்லாமல் போய்விட்டது. சாத்தியிருக்கிற ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் கழுத்தில் அளவு நாடாவோடு அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டில் மெஷின் சத்தம் கேட்டால் அம்மா வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள். அப்பா எந்த வீட்டுக்குள்ளும் போவதையே விட்டுவிட்டார். வாசலில் நின்று, "எண்ண வாசிச்சுச் சொல்லுங்கம்மா" என்று கேட்டு எழுதிக்கொள்வார். "உள்ள வாங்க மீட்டர்காரரே, எங்க வீட்ல எல்லாம் கிழவிங்கதான்" என்று கேலி செய்வார்கள். அவரும் சிரித்துவைப்பார். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு வந்தபோதும் அவர் வாசலைத் தாண்டவில்லை. மாமனாருக்கு ரொம்ப வைராக்கியம் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார்.

அண்ணன் அப்பாவிடம் பேச்சை நிறுத்தினவன் நிறுத்தினவன்தான். "அவர்கிட்ட சொல்லு, டீ ஆறுதுன்னு" என்று இவளிடம் சொல்வான். அப்பா பக்கத்திலேயே இருப்பார். இவள் திரும்பி அப்பாவிடம், "டீ ஆறுதாம்பா" என்பாள். ஒரு மேசையில் மூன்று பேர் உட்கார்ந்து, ஒரு டீக்காக இத்தனை பேச்சு. வேலை கிடைத்ததும் அண்ணன் வேறு ஊருக்குப் போனான். கல்யாணம் செய்துகொண்டான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போன் செய்து, தான் எங்கே இருக்கிறேன் என்று பெண்டாட்டியிடம் சொல்கிறானென்று கணக்கில்லை. "உங்கண்ணன் பாத்ரூம் போனாக்கூட எனக்குத் தகவல் வரும்" என்று அண்ணி சொல்லிச் சிரிப்பாள். அண்ணி சிரிக்கும்போது இவளால் சிரிக்க முடிவதில்லை.

அப்பாவின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் கூட இருந்ததும் இவள்தான். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அம்மா அவளை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"கடைசில யாரையாவது கேட்டாரா?"

"இல்லம்மா. யாரையும் கேக்கல."

"ஒரு பேரும் சொல்லலியா?"

"சொல்லலம்மா."

அதுவும் உண்மைதான். அம்மாவின் முகத்தில் நிம்மதி வரும் என்று இவள் எதிர்பார்த்தாள். வரவில்லை. இத்தனை வருஷம் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம், யாரும் வர மாட்டார்கள், எழுந்து போ என்று சொன்னது மாதிரி அந்த முகம் தொங்கிப்போனது.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள், தன் கல்யாணத்தன்று ஒரு சபதம் எடுத்துக்கொண்டாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்பதில்லை. சட்டைப் பையில் கை விடுவதில்லை. கை விடாமலே துணி ஊறப்போட்டதில் ஒரு தடவை அவருடைய போன் சோப்புத் தண்ணீரில் முழுகிச் செத்தது. "என் பொண்டாட்டி மாதிரி நம்பறவ உலகத்துல கிடையாது. அதுக்கு ஒரு போன் பலி" என்று அவர் கூட்டாளிகளிடம் பெருமையடித்தார். அவள் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறாள். அங்கே மருந்து கட்டுகிற அம்மா அவளிடம் கேட்பாள்: "உன் வீட்டுக்காரரு இன்னிக்கு எங்க?" இவள் "தெரியாதுக்கா" என்பாள். "அதுவும் சரிதான். லிஃப்டுக்காரரு, ஒண்ணு மேல போயிருப்பாரு, இல்ல கீழ வந்திருப்பாரு" என்று அந்த அம்மா சிரிப்பாள். இவளுக்கும் அது பிடிக்கும். தெரியாது என்று சொல்ல முடிகிற ஒரு வாழ்க்கையைச் சம்பாதித்துக்கொண்டோம் என்று உள்ளுக்குள் ஒரு கர்வம்.

அந்தக் கர்வத்தில்தான் இன்று காலை ஓட்டை விழுந்துவிட்டது. சோப்பு வாசனை, செருப்புச் சத்தம், லீவு நாள், 'அந்தப் பழசு'. அவ்வளவு போதுமாயிருந்தது.

வெயில் தாழ்ந்தபிறகு இரண்டு பேரும் வந்தார்கள். அவர் கையெல்லாம் கிரீஸ். மகளின் சட்டையில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது. யார் கொடுத்த பிஸ்கட்?  அவள் அந்தக் கேள்வியை விழுங்கினாள்.

"பசிக்குதா?"

"இல்ல."

"கை கால் கழுவு."

கழுவிவிட்டு வந்த மகள் விளையாடப் போகவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள். அவள் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள். முதுகில் அந்தப் பார்வை ஊர்ந்தது.

"அம்மா, நீ ஒண்ணுமே கேக்கலியே?"

"என்ன கேக்கணும்?"

மகள் யோசித்தாள். "ஒண்ணுமில்ல" என்று எழுந்து வெளியே போனாள். ஏமாந்த மாதிரி போனாள்.

வீட்டுக்காரர் கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"வர்ற வழியில பாப்பா என்கிட்ட ஒண்ணு கேட்டா. 'அம்மா கேட்டா நான் என்னப்பா சொல்லட்டும்'ங்கறா. நடந்ததையெல்லாம் சொல்லுன்னேன். அதுக்கு, 'எல்லாம்னா ரொம்ப நேரம் ஆகுமே, அம்மாவுக்கு எது வேணும்'னு கேக்கறா. யாரு சொல்லிக் குடுத்தது இவளுக்கு?"

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தன் அம்மா தன்னை அப்படி அனுப்பியதைப் பற்றி அவள் மகளிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. காலையில் சொன்ன ஒரே ஒரு வரியை வைத்துக்கொண்டு, தன்னை எதற்கு அனுப்புகிறார்கள் என்று அந்தப் பிள்ளை தெரிந்துகொண்டுவிட்டது.

"எதுக்கு அனுப்பின? என்னைக் கேக்கறதுதானே?" என்றார் அவர். கோபம் இருந்தது, ஆனால் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம்.

"சரி. கேக்கறேன். அந்தக் கட்டடத்துல யாரு இருக்காங்க?"

"வாட்ச்மேன் இருக்காரு. அவரு சம்சாரம்தான் பாப்பாவுக்கு பிஸ்கட் குடுத்தாங்க. மேல ரெண்டு குடும்பம். கடைசி மாடில ஒரு டீச்சர். கால் முடியாதவங்க, படி ஏற முடியாது. அவங்களுக்காகத்தான் லீவு நாள்ல பாத்துக் குடுக்கறேன்." அவர் நிறுத்தினார். "டீச்சர்னதும் உன் முகம் மாறுது."

"மாறல."

"மாறுது."

மாறத்தான் செய்தது. அவளுக்கே தெரிந்தது. அவர் சொல்லாத ஒன்று இருந்தாலும் இப்படித்தான் இருக்கும், சொன்னது முழு உண்மையாக இருந்தாலும் இப்படித்தான் இருக்கும். அந்தக் கடைசி மாடியில், கதவுக்குப் பின்னால், கழுத்தில் அளவு நாடாவோடு ஒருத்தி உட்கார்ந்தாகிவிட்டது. இனி அவளை எழுப்பி அனுப்ப யாராலும் முடியாது.

"நான் ஒரு வீட்டுக்குள்ள போயிருக்கேங்க" என்று ஆரம்பித்தாள். சட்டைப் பை, முக்காலி, முழங்கை, சுற்றாத சக்கரம், எல்லாவற்றையும் சொன்னாள். பேசிப் பழக்கமில்லாததால் முன்னும் பின்னுமாக வந்தது. அவர் நின்றுகொண்டே கேட்டார். நடுவில் ஒரு தடவை, "அதான் மாமா வாசல்லயே நின்னாரா?" என்று மட்டும் கேட்டார்.

சொல்லி முடித்தபோது அவர் கிரீஸ் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் எங்க போனாலும் உனக்கு இப்படித்தான் இருக்குமா?"

"இருக்கும்னுதான் நினைக்கிறேன்."

"நான் ஒரு தப்பும் பண்ணலன்னாலுமா?"

"ஆமாம்."

"இதுல நான் என்னதான் செய்யட்டும், சொல்லு."

"தெரியல. பாப்பாவ மட்டும் கூட்டிட்டுப் போகாதீங்க." அவள் கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நானே சொன்னாலும் கூட்டிட்டுப் போகாதீங்க" என்றாள்.

அடுத்த லீவு நாள் வந்தது. அவர் பையை மாட்டினார். மகள் யாரும் கூப்பிடாமலே தலைகூட வாரிக்கொள்ளாமல் வாசலில் வந்து நின்றாள். வேலைக்குக் கிளம்புகிற பெரிய மனுஷி மாதிரி ஒரு நிற்பு.

வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் வாய்க்குள் அந்த வாக்கியம் முழுசாகத் தயாராக இருந்தது. 'சும்மாதானே' என்பதன் இழுப்பு வரைக்கும் நாக்கில் இருந்தது. அதைத் தாண்டி வேறொன்றைச் சொல்ல, வாய்க்குள் ஒரு சாமானை நகர்த்துகிற மாதிரி சிரமமாக இருந்தது.

"நீ போக வேண்டாம் பாப்பா. உள்ள வா."

"அப்ப அப்பா கூட யாரு போறது?"

"யாரும் போகல."

"யாரும் போகலன்னா நமக்கு எப்படிம்மா தெரியும்?"

அவர் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றுவிட்டார்.

"தெரியாது" என்றாள் அவள்.

மகளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அப்பாவின் செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனதும் ஜன்னலுக்கு ஓடித் திட்டில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "அம்மா, அப்பா முனைக்குப் போயிட்டாரு. திரும்பறாரு. எந்தப் பக்கம்னு சொல்லட்டுமா?"

"வேண்டாம். இறங்கி வா, தலை வாரிவிடறேன்."

பிள்ளை மனசில்லாமல் இறங்கி வந்து அவள் முன்னால் உட்கார்ந்தாள். எந்தப் பக்கம் என்ற கேள்வி அவள் உதடு வரை வந்து நின்றுகொண்டது. போகவும் இல்லை, வெளியே விழவும் இல்லை. அவள் சீப்பை எடுத்து வாரத் தொடங்கினாள். தெருவில் எங்கேயோ எதுவோ ஓடுகிற சத்தம் கேட்டது, மெஷின் மாதிரி.

"மெதுவா வாரும்மா, வலிக்குது" என்றாள் மகள்.